குடியும் கோணல் சிந்தனையும்

கிராம முன்னேற்றத்திற்கென வகுக்கப்படும் திட்டங்கள் யாவும் இறுதியில் ஒரு குடும்பத்தின் வாசலுக்கு வந்துதான் பயன் தரவேண்டும். வீடு கட்ட உதவி செய்கிறோம். கறவை மாட்டிற்குக் கடன் பெற்றுத் தருகிறோம். பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவும் புத்தகமும் தருகிறோம். ஆனால் அக்குடும்பத் தலைவர் குடிக்கு அடிமையாகிவிட்டால் இவற்றுள் எதுவும் நிலைப்பதில்லை. கடனில் வாங்கிய மாடு சந்தைக்குத் திரும்பிவிடுகிறது. கடன் மட்டும் மனைவியின் பெயரில் நிற்கிறது. ஆகவே மதுப் பழக்கம் வைத்தியருக்கும் போலீசாருக்கும் மட்டும் உரிய விஷயம் என்று நாம் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

மதுவின் தீமையை எடுத்துரைப்பதில் நம் நாட்டில் எக்காலத்திலும் குறைவு இருந்ததில்லை. திருவள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என்று ஒரு தனி அதிகாரமே வகுத்தார். காந்தியடிகள் தமது நிர்மாணத் திட்டத்தில் மதுவிலக்கைச் சேர்த்தார். ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது, 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிற்று. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் வந்து, 1981இல் மறுபடி நீங்கிற்று. இச்சட்டங்களின் சாதக பாதகங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. கடை மூடியிருந்த காலத்திலும் திறந்திருந்த காலத்திலும் ஒரு கேள்வி மட்டும் மாறாமல் நின்றது. தமக்கும் தம் மக்களுக்கும் கேடு என்று நன்கு அறிந்த ஒருவர், அதை விட முடியாமல் தவிப்பது ஏன்?

‘கொழுப்பு’ என்றும், ‘மானம் இல்லை’ என்றும் விடை கூறுவது எளிது. வைத்திய சாஸ்திரம் கூறும் விடை வேறு. குடி தேகத்தை மட்டும் பிடிப்பதில்லை. யோசிக்கும் முறையையும் பிடித்துக்கொள்கிறது. குடிப்பவரின் அறிவு மழுங்கிவிட்டது என்பது இதன் பொருளன்று. கணக்கில் கெட்டிக்காரரும், வேலையில் தேர்ந்தவரும் இதில் அடக்கம். அவரது அறிவு முழுவதும் குடியைக் காப்பாற்றும் வேலைக்குத் திருப்பிவிடப்படுகிறது. இதனையே கோணல் சிந்தனை என்கிறோம். இதனைப் புரிந்துகொள்ளாமல் செய்யப்படும் உபதேசமும், கண்டிப்பும், சத்தியமும் பெரும்பாலும் வீணாகின்றன.

மூளை கற்கும் தவறான பாடம்

கோணல் சிந்தனை வெறும் பொய்யிலிருந்து பிறப்பதன்று. அது உண்மையான அனுபவத்திலிருந்தே பிறக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். நாள்தோறும் குடிப்பவரின் மூளை அதனை ஈடுசெய்யத் தன் இயக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. மாட்டு வண்டியில் பின்பாரம் அதிகமானால் வண்டிக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து சமன் செய்கிறார் அல்லவா? அதுபோன்றது இது. பின்பாரத்தைச் சட்டென்று இறக்கினால் வண்டி முன்புறம் சாய்ந்து மாட்டின் கழுத்தை அழுத்தும். அவ்வாறே மது இறங்கியதும் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, காரணமற்ற பயம் ஆகியவை தோன்றுகின்றன. காலையில் சிறிது குடித்தால் இவை அடங்கிவிடுகின்றன.

‘குடித்தால்தான் கை நிதானத்துக்கு வருகிறது’ என்று அவர் கூறுவது பொய்யன்று. கை நிதானப்பட்டது உண்மை. ஆனால் நடுக்கத்தை உண்டாக்கியதும் அதே மதுதான் என்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நோயைத் தந்ததே மருந்தாக வேடம் பூண்டு வருகிறது.

தூக்கமும் இப்படித்தான். குடித்தவுடன் உறக்கம் வருகிறது; பின்னிரவில் அது கலைந்துவிடுகிறது. மறுநாள் களைப்பு. களைப்பைப் போக்க மறுபடி குடி. உடல் வலியும் அவ்வாறே. மது வலியைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும். உழைத்த தசையை அது சீர்செய்வதில்லை. சிறுநீரை அதிகரித்து உடலின் நீரையும் வற்றச் செய்யும். இருந்தும் ‘மூட்டை தூக்குகிறவனுக்கு இது இல்லாமல் முடியாது’ என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருக்கிறது.

சாக்குகளும் அவற்றின் உட்பொருளும்

இவ்வாறு விளையும் எண்ணங்கள் பலவாயினும் அவற்றைச் சில வகைகளில் அடக்கலாம்.

முதலாவது, அளவைக் குறைத்துக் காட்டுதல். ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்பது அன்றாடம் கேட்கும் சொல். குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் சாராயச் சத்து. கணக்கிட்டால் ஏறத்தாழ 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் ஆகிறது. ஆண்களுக்கு ஒரு நாளில் 60 கிராமுக்கு மேற்பட்டால் அதிக அபாயம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருக்கிறது. ‘தானே’ என்று சொல்லப்படும் அந்த அளவே அபாயத்தின் எல்லைக்கோட்டில் நிற்கிறது. பீர் குடிப்பதைக் குடியாகவே கொள்ளாதவர்களும் உளர். 650 மில்லி கொண்ட, 8 சதவீதக் கடும் பீர்ப் புட்டி ஒன்றில் சுமார் 40 கிராம் உள்ளது.

இரண்டாவது, தம்மினும் கெட்டவரோடு ஒப்பிடுதல். ‘அவனைப்போல நான் சாக்கடையில் விழுந்து கிடக்கவில்லையே’ என்பது. இந்த ஒப்பீட்டிற்கு முடிவே இல்லை. தமக்குக் கீழே ஒருவர் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருப்பார்.

மூன்றாவது, காரணம் தேடுதல். துக்கம் என்றால் ஆற்றுவதற்கு. மகிழ்ச்சி என்றால் கொண்டாடுவதற்கு. கூலி வந்தால் கையில் பணம் இருப்பதால். வேலை இல்லையென்றால் கவலையால். ஒன்றுக்கொன்று எதிரான காரணங்கள் யாவும் ஒரே செயலில் கொண்டுவிட்டால், காரணம் அவற்றில் இல்லை என்பதே தெளிவு.

நான்காவது, பழியை மாற்றுதல். ‘வீட்டில் நிம்மதி இல்லை, அதனால் குடிக்கிறேன்’ என்பார். குடிப்பதனால் நிம்மதி போயிற்றா, நிம்மதி போனதால் குடி வந்ததா என்று நாள், மாதம், வருஷம் வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தால் பல வீடுகளில் வரிசை தலைகீழாகும்.

ஐந்தாவது வகை மிக நுட்பமானது. ‘நினைத்தால் நான் விட்டுவிடுவேன், மாலை போட்டபோது விடவில்லையா?’ என்பது. சபரிமலைக்கு மாலையணிந்து 41 நாளோ 48 நாளோ ஒரு துளியும் தொடாதவர் நம் ஒவ்வொரு கிராமத்திலும் உண்டு. மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய இடத்தில் அமர்ந்துவிடுபவரும் உண்டு. இதிலிருந்து அவர் பெறும் முடிவு, தமக்கு அடிமைத்தனம் இல்லை என்பது. நாம் பெறவேண்டிய முடிவு வேறு. அந்நாட்களில் அவரைத் தாங்கியவை எவை? விடியலில் குளியல், இருவேளை வழிபாடு, மாறிய உணவு, மாறிய நண்பர்கள். ஊரார் அனைவரும் ‘சாமி’ என்று மரியாதையாக அழைத்தனர். ‘ஒன்று போடு’ என்று யாரும் வற்புறுத்தவில்லை. அதாவது, அவரது மனவுறுதிக்கு ஊர் முழுவதும் முட்டுக் கொடுத்து நின்றது. மாலையுடன் அந்த முட்டும் கழன்றுவிட்டது. குடியை விடமுடியும் என்பதற்கு விரதம் சான்று. தனியொருவராக விடுவது கடினம் என்பதற்கும் அதுவே சான்று.

வீட்டாரின் எண்ணமும் கோணலாகிறது

கோணல் சிந்தனை குடிப்பவரோடு நிற்பதில்லை. ‘கல்யாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான்’ என்று பெற்றோர் கருதுகின்றனர். மகனுடைய நோய்க்கு ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்வை மருந்தாகக் கொடுக்கும் இந்த எண்ணத்தைவிடக் கோணலானது வேறொன்றில்லை. பின்னர் அப்பெண், கணவருக்குக் காய்ச்சல் என்று மேஸ்திரியிடம் சொல்லி அனுப்புகிறார். கடைக்கடனை நகை வைத்து அடைக்கிறார். அடிபட்ட தழும்பை மறைக்கிறார். அன்பினாலும் மானத்திற்கு அஞ்சியும் அவர் செய்யும் இவை யாவும், குடியின் பலனைக் குடிப்பவர் காணாதபடி மறைக்கும் திரையாகிவிடுகின்றன. தம்முடைய குறையினால்தான் கணவர் குடிக்கிறார் என்றே நம்பிவிடும் பெண்களும் உண்டு. அது உண்மையன்று என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்வது நம் முதற்கடமை.

‘குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்’ என்று விளம்பரப்படுத்தப்படும் பொடிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மதுவுடன் ஒவ்வாமையை உண்டாக்கும் டைசல்பிராம் என்ற மருந்து வைத்திய முறையில் உண்டு. நோயாளி அறிந்து, சம்மதித்து, வைத்தியரின் மேற்பார்வையில் மட்டுமே அதனை உண்ண வேண்டும். அறியாமல் உண்டவர் மேலே குடித்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மேலும், தெரியாமல் கொடுக்கும் மருந்து ஒருவரது எண்ணத்தை மாற்றுவதெப்படி?

முதலில் வைத்தியம்

மீட்சிக்கு முதற்படி தேகத்திற்குரியது. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தச் செய்வது பெருந்தவறு. நிறுத்திய இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரிந்து, உயிரபாயம் நேரலாம். ‘பேய் பிடித்துவிட்டது’ என்று அப்போது கோயிலுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. கொண்டுபோகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி. அங்கே தக்க மாத்திரைகளும், பி1 என்ற வைட்டமினும் கொடுத்துச் சில நாட்களில் தேகத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறார்கள். மேலே கூறிய வண்டியின் பாரத்தைச் சிறிது சிறிதாக இறக்கும் வேலை இது.

ஆனால் தேகத்திலிருந்து மது நீங்கியதும் நோய் தீர்ந்தது என்று நினைப்பதும் ஒரு கோணல் சிந்தனையே. தெளிந்த தேகத்தினுள் பழைய எண்ணங்கள் அப்படியே இருக்கின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரே வாரத்தில் மறுபடி விழுவதற்கு அவை போதும்.

எண்ணத்தைத் திருத்தும் முறை

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில், குடிக்கு அடிமையாகியிருந்த பங்கு வர்த்தகர் பில் வில்சனும், வைத்தியர் பாப் ஸ்மித்தும் ஒருவருக்கொருவர் துணையாக நின்று மீண்டனர். அதிலிருந்து வளர்ந்ததே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற தோழமைச் சங்கம். ஒரு குடிநோயாளியின் சாக்குகளை மீண்ட மற்றொரு குடிநோயாளியே உடனே இனங்கண்டுகொள்வார் என்பதுதான் அதன் பலம். கட்டணம் கிடையாது. பெயர் வெளியிடப்படுவதில்லை. தமிழ்நாட்டிலும் இதன் கூட்டங்கள் தமிழிலேயே நடைபெறுகின்றன. ‘இனி வாழ்நாளெல்லாம் தொடமாட்டேன்’ என்ற பெரும் சபதத்திற்குப் பதிலாக, ‘இன்று ஒரு நாள் தொடமாட்டேன்’ என்பதை அவர்கள் கைக்கொள்கின்றனர்.

மனோதத்துவத் துறையில், அமெரிக்க வைத்தியர் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வு நோயாளிகளின் தவறான எண்ணங்களை ஆராய்ந்து சிகிச்சை வகுத்தார். பின்னர் அதே முறை போதை நோய்க்கும் விரிக்கப்பட்டது. குடிக்கும் முன்னர் மனத்தில் தோன்றும் ‘அனுமதி கொடுக்கும் எண்ணம்’ என்பது அதில் முக்கியமானது. ‘இன்றைக்கு மட்டும்’, ‘உழைத்தேன், எனக்கு உரிமை உண்டு’ என்பவை அத்தகையவை. குடிக்கும் கைக்குமுன் இந்த அனுமதி வருகிறது. அந்த இடத்தில் நின்று பதில் சொல்லப் பழகுவதே சிகிச்சை.

ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை கூலி வாங்கியவுடன் அவருக்கு ஆசை எழுகிறது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, எப்போது எழுந்தது, என்ன எண்ணம் வந்தது, அதற்கு உண்மையான பதில் என்ன என்று எழுதச் சொல்கிறார்கள். ‘உடம்பு வலிக்கிறது, குடித்தால் தேவலை’ என்பது எண்ணம். ‘போன ஞாயிறு காலையில் வலி இருமடங்கு இருந்தது, வெந்நீர்க் குளியலும் சோறும் தூக்கமும் போதும்’ என்பது பதில். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். ஆசை அலைபோல் எழுந்து பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும் என்பதையும் கற்பிக்கிறார்கள். அந்த அரை மணியைக் கடைத்தெருவில் கழிக்கிறாரா, வீட்டில் கழிக்கிறாரா என்பதே கேள்வி. ஆகவே கூலி வாங்கும் நாளில் மனைவியோ மீண்ட நண்பரோ உடன் இருப்பதும், கடை இல்லாத வழியே திரும்புவதும் சிகிச்சையின் பகுதிகளாகும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் ஆசையைக் கிளப்புவன என்பதால், வேலை முடிந்ததும் முதலில் வயிறாரச் சாப்பிடுவது சிறிய காரியமன்று.

மீண்டவர் ஒருமுறை தவறிவிட்டால் எழும் எண்ணம் எல்லாவற்றிலும் கொடியது. ‘பட்டது பட்டுவிட்டது, இனி என்ன’ என்று அவர் முழுக்க மூழ்கிவிடுகிறார். ஆலன் மார்லட், ஜூடித் கார்டன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் 1985இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளனர். சறுக்கல் வேறு, வீழ்ச்சி வேறு. சறுக்கலை வீழ்ச்சியாக்குவது அந்த ஒரு எண்ணமே. வரப்பில் வழுக்கியவர் எழுந்து நடப்பாரேயன்றி, சேற்றிலேயே படுத்துக்கொள்வதில்லை. இதற்கு எதிர்ப்புறமும் ஓர் ஆபத்து உண்டு. ஓராண்டு குடிக்காதிருந்தவருக்கு, ‘இனி அளவோடு ஒன்று மட்டும் குடிக்கலாம்’ என்று தோன்றும். கடுமையான அடிமை நிலைக்குச் சென்று மீண்டவருக்கு முழுவிலக்கே பாதுகாப்பு.

கிராமத்தில் முடியுமா?

பெருநகர ஆஸ்பத்திரிகளில் மட்டும் முடியக்கூடிய காரியம் இது என்று எண்ண வேண்டாம். 1980ஆம் ஆண்டு சாந்தி ரங்கநாதன் அவர்கள் சென்னையில் நிறுவிய டி. டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம், குடும்பத்தாருக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவதில் முன்னோடியாக விளங்கியது. 1989 முதல் அந்நிலையம் காவிரிப் பகுதியில் மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் நடத்திக் கிராமத்தாருக்குச் சிகிச்சை அளித்தது. ஊராரும் உள்ளூர் ஸ்தாபனமும் அதில் பங்கெடுத்தனர்.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த மற்றொரு முயற்சியின் முடிவு 2017இல் லான்செட் என்ற வைத்தியச் சஞ்சிகையில் வெளியாயிற்று. கேடு விளையும் அளவு குடித்துவந்த ஆண்களோடு, வைத்தியரல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் நான்கு முறை வரை அமர்ந்து பேசினர். மூன்று மாதம் கழித்து, அவர்களில் 100க்கு 36 பேர் அபாய நிலையினின்று நீங்கியிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100க்கு 26 பேரே நீங்கினர். முற்றிய நோய்க்கு இது போதாது. எனினும் பேச்சு என்னும் மருந்தைக் கிராமத்து மனிதரே கொடுக்க முடியும் என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

நாம் செய்யக்கூடியவை

போதையில் இருப்பவரிடம் நியாயம் பேச வேண்டாம். அது பயனற்றது என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். காலையில், தெளிவாக இருக்கும்போது, தனியே பேசுக. உபதேசத்தைவிடக் கேள்வி நல்லது. ‘குடி உங்களுக்கு என்ன தருகிறது? எதை எடுத்துக்கொள்கிறது?’ என்று கேட்டு, விடையை அவர் வாயாலேயே வரவழைப்பது மேல்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள், குடிநோயாளியின் மனைவியைப் பழிக்காமல் அருகில் அமர்த்திக்கொள்ள வேண்டும். அடியும் உதையும் நடக்கும் வீட்டில் பொறுமையை உபதேசிப்பது கூடாது. பாதுகாப்புக்கு வழி செய்ய வேண்டும்.

துக்க வீடுகளில் வேலை செய்வோருக்குக் கூலியின் ஒரு பகுதியை மதுவாகக் கொடுக்கும் வழக்கத்தை ஊர்ப் பெரியவர்கள் கூடி நிறுத்தி, முழுவதையும் பணமாகக் கொடுக்கலாம். கல்யாணத்திலும் திருவிழாவிலும் ‘ஒன்று மட்டும்’ என்று வற்புறுத்துவது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தை இளைஞர் மன்றங்கள் பரப்பலாம்.

ஊராட்சித் தலைவரும் சுகாதார ஊழியரும் ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஆகியவற்றின் விவரங்களைக் கிராம சபையில் அறிவிக்க வேண்டும். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும், 14416 என்ற மனநல உதவி எண்ணையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். இரண்டிற்கும் கட்டணம் இல்லை.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, சிகிச்சை பெற்றுத் திரும்பியவரை ஊர் எப்படி வரவேற்கிறது என்பது. ‘எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்’ என்று டீக்கடையில் ஒருவர் சொல்லும் சொல், அவரது மனத்தில் ஏற்கெனவே இருக்கும் கோணல் எண்ணத்திற்குச் சாட்சி சொல்வதாகும். ‘குடிகாரன் திருந்தமாட்டான்’ என்பது ஊரின் கோணல் சிந்தனை. வேலை கொடுப்பவர் பழையபடி வேலை கொடுக்கட்டும். சங்கத்தில் அவருக்குரிய இடம் இருக்கட்டும். மாலையணிந்த 48 நாளும் ஒருவரை ‘சாமி’ என்று அழைத்து நிமிர்ந்து நிற்கச் செய்த ஊர், மாலையில்லாத நாட்களிலும் அந்த மரியாதையைத் தர முன்வருமானால், கடனில் வாங்கிய கறவை மாடு தொழுவத்திலேயே நிற்கும். பிள்ளைகளும் இரவில் அச்சமின்றி உறங்கும். அதற்கான முயற்சியை அவரவர் கிராமத்தில் இம்மாதமே தொடங்குமாறு ஊராட்சிகளையும், மகளிர் குழுக்களையும், ஊழியர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.